போதையும் செய்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாளிதழில் பதினான்கு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். மாவட்டங்களிலிருந்து வரும் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைத்துப் பக்கத்துக்கு அனுப்புவது என் வேலை. அதை விட்ட பிறகு, குடியிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீள முயல்பவர்களின் குடும்பங்களோடு பழக ஆரம்பித்தேன். பழைய சகாக்களும் இந்தக் குடும்பத்தினரும் என்னிடம் மாறி மாறிக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

“போதை ஆசாமி” என்று எழுதுவதில் என்ன தப்பு? நடந்ததைத்தானே எழுதுகிறார்கள்?

தமிழ்ச் செய்தியில் போதைக்கென்றே ஒரு தனி அகராதி இருக்கிறது. போதை ஆசாமி, கஞ்சா குடிக்கி, போதை வாலிபர், குடிமகன்கள். இவர்கள் செய்வதற்கும் தனி வினைச்சொற்கள் உண்டு: ரகளை, அட்டகாசம், அலப்பறை. திருடியவரைப் பற்றிய செய்தியில்கூட அவருடைய வயது, தெரு, அப்பா பெயர், பார்க்கும் வேலை எல்லாம் வந்துவிடும். போதையில் இருந்தவர் மட்டும் ஆசாமி. ஆசாமிக்கு அம்மா கிடையாது, வேலை கிடையாது, போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் “எப்படியாவது நிறுத்த வேண்டும்” என்று கேட்ட கதையும் கிடையாது.

இந்த அகராதியில் என்னை மிகவும் உறுத்துவது “தர்ம அடி”. பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் நிலைதடுமாறி யார் மேலோ விழுகிறார். நாலு பேர் சேர்ந்து அவரை அடிக்கிறார்கள். “போதை ஆசாமிக்கு தர்ம அடி” என்று மறுநாள் தலைப்பு வருகிறது. நிற்கக்கூட முடியாத ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து அடிப்பது சட்டப்படி குற்றம். அதற்கு நாம் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எத்தனை முறை இந்தத் தலைப்பை வைத்தேன் என்று எனக்குக் கணக்கே இல்லை. ஒரு தடவையாவது, அடித்தவர்கள் மீது வழக்குப் பதிவானதா என்று நிருபரிடம் நான் கேட்டிருக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் இது இன்னும் மோசம். சாலையோரம் தள்ளாடுகிறவரை யாரோ கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். அது வடிவேலு வசனமும் நகைச்சுவை இசையும் சேர்ந்து இரவுச் செய்தியில் ஓடுகிறது. அந்த மனிதருக்குச் சர்க்கரை தாழ்ந்திருந்ததா, தலையில் அடிபட்டிருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டிலுமே ஆள் குடித்தவர் போலத்தான் தள்ளாடுவார்.

ஒரு வார்த்தையை மாற்றினால் என்ன ஆகிவிடப்போகிறது?

2010-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனநலச் சிகிச்சையாளர்களிடம் ஒரே ஆளைப் பற்றிய ஒரே குறிப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தாளில் அவரை ஒரு “போதை துஷ்பிரயோகி” என்று எழுதியிருந்தது. மீதிப் பேரின் தாளில் “போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்” என்று இருந்தது. முதல் தாளைப் படித்தவர்கள், தன் நிலைக்கு அவரே காரணம், தண்டனை மாதிரி ஏதாவது வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். அத்தனை பேரும் இந்த நோய்க்குச் சிகிச்சை தரப் படித்தவர்கள். அவர்களையே ஒரு சொல் சாய்க்கிறது என்றால், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017-ல் தன் நடைக் கையேட்டைத் திருத்தி, ஒருவரை “அடிக்ட்” என்று பெயர்ச்சொல்லாகக் குறிப்பிட வேண்டாம் என்று சொன்னது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருநங்கையரை நம் பத்திரிகைகள் முன்பு என்ன சொல்லி எழுதின என்று நினைவிருக்கிறதா? அந்தச் சொற்களை இன்று எந்த நாளிதழும் அச்சிடாது. “ஊனமுற்றோர்” போய் “மாற்றுத்திறனாளி” வந்தது. “குஷ்டரோகி” என்ற சொல்லே ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் “வார்த்தையில் என்ன இருக்கு” என்று சொன்னவர்கள் எங்கள் ஆசிரியர் குழுவிலேயே இருந்தார்கள். சில மாதங்களில் அவர்களுக்கும் புதுச் சொல்லே கைக்கு வந்துவிட்டது.

சரி, வேறு என்னதான் எழுதுவது?

குடியைப் பொறுத்தவரை நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: குடிநோய், குடிநோயாளி. மீட்பு மையங்களிலும் மீண்டவர்களின் கூட்டங்களிலும் சாதாரணமாகப் புழங்கும் சொல்தான். “நான் ஒரு குடிநோயாளி” என்று எழுந்து நின்று சொல்கிறவரின் குரலில் வெட்கம் இருக்காது. மற்றவற்றுக்கு “போதைப் பழக்கம் உள்ளவர்”, “சிகிச்சை பெற்றுவருபவர்”, “பழக்கத்திலிருந்து மீண்டவர்” என்றாலே போதும். தலைப்பில் நாலு எழுத்து கூடும், அவ்வளவுதான். பல நேரம் இந்த அடையாளமே தேவைப்படாது. “ஆட்டோ ஓட்டுநர்”, “கல்லூரி மாணவர்” என்று எழுதினால் செய்தி குறைந்துவிடுவதில்லை.

“போதைக்கு அடிமை” என்ற தொடரில் எனக்கே இன்னும் குழப்பம் உண்டு. சிகிச்சை மையங்களே அதைப் பயன்படுத்துகின்றன. மீண்டவர்கள் சிலர், “நான் அடிமையாத்தான் இருந்தேன், அதை அப்படியே சொல்லுங்க” என்கிறார்கள். தன்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்வது அவர் உரிமை. மற்றவரைப் பற்றி எழுதும்போது நான் தவிர்த்துவிடுகிறேன்.

போதையில் குற்றம் செய்தவரைப் பற்றி எழுதவே கூடாதா?

எழுத வேண்டும். ஆனால் “கஞ்சா போதையில் வெட்டினார்” என்று எழுதுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: யார் பரிசோதித்தது? பெரும்பாலும் யாரும் பரிசோதித்திருப்பதில்லை. காவல் நிலையத்தில் ஒருவர் சொல்கிறார், நிருபர் குறித்துக்கொள்கிறார், தலைப்பில் அது உண்மையாகிவிடுகிறது.

இதனால் வரும் வினையை உலகம் பார்த்திருக்கிறது. 2012 மே மாதம் மியாமியில் ஒருவர், தெருவில் வசித்த இன்னொருவரின் முகத்தைக் கடித்துக் குதறினார். “பாத் சால்ட்ஸ்” என்ற போதைப்பொருள்தான் காரணம் என்று ஒரு காவலர் சங்கத் தலைவர் ஊகமாகச் சொன்னார். “மனிதனை மனிதன் தின்னவைக்கும் போதை” என்று அது உலகம் முழுக்க ஓடியது. ஒரே மாதத்தில் ஆய்வக முடிவு வந்தது. உடலில் கஞ்சா மட்டும்தான் இருந்தது, பாத் சால்ட்ஸ் இல்லை. அந்த முடிவு முதல் செய்தி போன இடத்தில் பாதிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

2010 மார்ச்சில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். “மியாவ் மியாவ்” என்று பத்திரிகைகள் பெயர் சூட்டியிருந்த மெபெட்ரோன் என்ற போதைப்பொருள்தான் கொன்றது என்று தலைப்புகள் அலறின. ஏப்ரல் 16-ல் அது தடைசெய்யப்பட்டது. மே மாத இறுதியில் வந்த பரிசோதனை முடிவு, இருவர் உடலிலும் மெபெட்ரோன் இல்லை என்றது. மெபெட்ரோன் நல்லது என்று இங்கே யாரும் வாதாடவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் உண்மையில் எதனால் இறந்தார்கள் என்று முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தால், அதே ஆபத்தில் இருந்த மற்றவர்களுக்கு உதவியிருக்கும்.

பிடிபட்டவர்களின் படத்தைப் போடுவதில் என்ன பிரச்சினை? போலீஸே கொடுப்பதுதானே?

இதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மாவட்டத் தலைநகரில் காவல் துறையின் செய்தியாளர் சந்திப்பு. பச்சைத் துணி விரித்த மேசை. அதன் மேல் பொட்டலங்கள், ஒரு சின்னத் தராசு, நாலு கைபேசிகள், கொஞ்சம் ரூபாய் நோட்டு. மேசைக்குப் பின்னால் ஆறு பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவதாக நின்றவனுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் அடையாள அட்டையின் நீல நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது, அட்டையை மட்டும் சட்டைப் பைக்குள் செருகியிருந்தான். அவனிடம் இருந்தது நாற்பது கிராம் கஞ்சா. படம் என் மேசைக்கு வந்தது. “கஞ்சா கும்பல் கூண்டோடு சிக்கியது” என்று தலைப்பு வைத்தேன். ஆறு பேரில் இரண்டு பேருக்கு மற்ற நால்வரை முன்பின் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்து அவன் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். எங்கள் இணையப் பக்கத்தின் பிரிண்ட் அவுட். பிரவுசிங் சென்டரில் எடுத்ததாம். “தம்பி, இதை அழிக்கணும்னா எவ்வளவு பணம் கட்டணும்?” என்று கேட்டார். வேலைக்குப் போன மூன்று இடத்திலும் பையன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய செய்தியை நீக்கும் வழக்கம் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் தாளைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், சிறு அளவையும் வணிக அளவையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு, இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினில் 5 கிராம், 250 கிராம். சிறு அளவோடு பிடிபட்டவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு கொடுக்க 64-ஏ பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் பார்க்கும் இந்த வித்தியாசம் நம் தலைப்புகளில் இருப்பதே இல்லை. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் சிக்கிய ஹெராயின் ஏறத்தாழ 3,000 கிலோ. கன்டெய்னரில் வந்த சரக்கு அது. நாற்பது கிராம் பையனுக்கும் அந்தச் சரக்குக்கும் நாம் கொடுக்கும் பெயர் ஒன்றுதான்: போதைக் கும்பல்.

பதினெட்டு வயது நிறையாதவராக இருந்தால் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையும் விவரத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு. குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. மறுவாழ்வு மையத்துக்குள் கேமராவோடு போய் “அதிரவைக்கும் காட்சிகள்” காட்டும் நிகழ்ச்சிகள் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.

பிரபலங்கள் சிக்கும்போது வருவது ஊழலை வெளிக்கொண்டுவரும் செய்தி இல்லையா?

2020 செப்டம்பர் 8-ல் நடிகை ரியா சக்ரவர்த்தி போதைப்பொருள் வழக்கில் கைதானார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 7-ல் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அந்த ஒரு மாதமும் வாட்ஸ்அப் உரையாடல்கள் திரையில் எழுத்தெழுத்தாக ஓடின. அவர் காரைச் சூழ்ந்த மைக்குகளை நாடே பார்த்தது. 2021 அக்டோபர் 3-ல் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கான் கைதானார். அவரிடமிருந்து போதைப்பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. 2022 மே மாதம் போதைப்பொருள் கட்டுப்பாட்டு ஆணையமே போதிய ஆதாரம் இல்லை என்று அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமல் விட்டது. அதற்கு முன்பே 2021 ஜனவரியில், நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் மரணம் பற்றிய செய்திகள் தொடர்பான மனுக்களில் மும்பை உயர் நீதிமன்றம், ஊடக விசாரணை நீதி நிர்வாகத்தில் குறுக்கிடுகிறது என்று விரிவாகவே தீர்ப்புச் சொன்னது.

அவர்களுக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள், ரசிகர்கள் இருந்தார்கள். எனக்குக் கவலை, இதையெல்லாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பையனைப் பற்றித்தான். தனக்குப் பழக்கம் இருப்பது வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை அவன் அந்த ஒரு மாதத்தில் பாடமாகவே படித்திருப்பான்.

மது வேறு, போதைப்பொருள் வேறு அல்லவா?

உடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வை எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தியது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் மது அருந்துகிறவர்கள் 14.6 சதவீதம், கஞ்சா வகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் 2.8 சதவீதம், ஹெராயின், அபின் போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் 2.1 சதவீதம். குடியால் சிக்கலில் இருப்பவர்கள் மட்டும் ஐந்து கோடிக்கு மேல்.

செய்தியில் இந்த அளவு தலைகீழாகிவிடுகிறது. கஞ்சா என்றால் திகில், குடி என்றால் சிரிப்பு. “குடிமகன்கள்” என்ற சிலேடையை ஒவ்வொரு தீபாவளிக்கும் எடுத்துவிடுவோம். டாஸ்மாக் மூலம் 2023-24-ல் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தின் மறுபக்கத்தில் இருக்கும் கல்லீரல்களைப் பற்றி எந்தப் பண்டிகைச் செய்தியிலும் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டதும் பேச்சு திசை மாறியது. “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” விவாத மேடைகளிலும் அதே கேள்வி. விஷத்தை விற்றது யார், அதற்குக் கண்ணை மூடிக்கொண்டது யார் என்று போயிருக்க வேண்டிய விவாதம், செத்தவர்கள் யோக்கியர்களா என்ற பக்கம் போனது. மெத்தனால் கண் பார்வையைப் பறிக்கும், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் செய்து காப்பாற்றலாம். இந்த மூன்று வரியும் எல்லாச் செய்தியிலும் பெட்டி கட்டி வந்திருக்க வேண்டும்.

எது செய்தியாகிறது, எது ஆவதில்லை?

1990-களின் ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளை வைத்து ஒருவர் கணக்குப் போட்டார். பாராசிட்டமால் மாத்திரையால் நேர்ந்த மரணங்களில் இருநூற்றைம்பதுக்கு ஒன்றுதான் செய்தியாகியிருந்தது. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரையால் நேர்ந்தவை ஏறக்குறைய அத்தனையும் செய்தியாகியிருந்தன. படிக்கிறவருக்கு எது பெரிய ஆபத்தாகத் தெரியும்?

நம் ஊரில் செய்தி ஆகாதது சிகிச்சை. அதே 2019 ஆய்வின்படி, மதுவைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போனவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மற்ற போதைப்பொருள்களிலும் சிகிச்சை பெறுகிறவர்கள் சிலர்தான். சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை 1980-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அதைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். எத்தனையோ ஆயிரம் பேர் அங்கே குணமாகி வேலைக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அவர்கள் செய்தியில் வராததற்குக் காரணம் எளிது: நலமாக இருப்பவர் தெருவில் விழுந்து கிடப்பதில்லை, கேமராவில் சிக்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐ.நா.வின் 2024 உலகப் போதைப்பொருள் அறிக்கைப்படி உலகில் 29.2 கோடிப் பேர் போதைப்பொருள் பயன்படுத்துகிறார்கள். அதில் நோய் நிலைக்குப் போனவர்கள் 6.4 கோடி. “ஒரு தடவை தொட்டால் போச்சு” என்று எழுதுவது உண்மையும் இல்லை, உதவியும் இல்லை. ஒருமுறை தொட்ட பையன், ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்ததும் நாம் சொன்ன மற்ற எச்சரிக்கைகளையும் சேர்த்து ஒதுக்கிவிடுவான்.

பயமுறுத்தி எழுதினால்தானே பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பார்கள்?

பெற்றோர்கள் மனதார நம்பிக் கேட்கும் கேள்வி இது, அதனால் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். பயம் வேலை செய்வது வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லாதவரைதான். பழக்கம் வந்துவிட்ட வீட்டில் பயத்தின் வேலை வேறு. அம்மா அப்பாவிடமிருந்து மறைக்கிறார், அப்பா சொந்தக்காரர்களிடமிருந்து மறைக்கிறார், பையன் எல்லோரிடமிருந்தும் மறைக்கிறான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்ட ஒருவன் மூச்சுத் திணறி விழுந்தால், கூட இருந்தவர்கள் 108-ஐ அழைக்காமல் ஓடிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆம்புலன்ஸைவிட அந்தப் பச்சைத் துணி மேசைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பயமுறுத்தும் செய்தியே சில சமயம் பாடமும் நடத்துகிறது. எந்த மாத்திரை, என்ன பெயர், எதில் கரைக்கிறார்கள், எந்தக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கிறார்கள் என்று படத்தோடு வருகிறது. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டோம், அதன் கீழே உதவி எண்ணும் போடுகிறோம். இங்கே இரண்டுமே இல்லை.

ஒரு சமூகத்தையே தண்டிக்கும் அளவுக்கும் பயம் போகும். 1980-களின் நடுவில் அமெரிக்கப் பத்திரிகைகள் “கிராக் குழந்தைகள்” என்று எழுதத் தொடங்கின. கிராக் என்பது கொக்கெய்னின் ஒரு வடிவம். கொக்கெய்ன் எடுத்த தாய்க்குப் பிறந்தவை மூளை பழுதான ஒரு தலைமுறையாக வளரும் என்றார்கள். அதில் காட்டப்பட்ட தாய்மார்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். பலர் மீது வழக்குப் பாய்ந்தது, குழந்தைகள் பிரிக்கப்பட்டன. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் அந்தக் குழந்தைகளை இருபது வருடத்துக்கும் மேல் தொடர்ந்து கவனித்தார். கொக்கெய்ன் தொடர்பில்லாத, அதே ஏழைப் பகுதியின் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அந்தப் பிள்ளைகளை அழுத்தியது பெரும்பாலும் வறுமைதான்.

குறிப்பிட்ட பகுதிகளின் பெயர் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

காவல் துறை எங்கே சோதனை போடுகிறதோ அங்கே கைது நடக்கும், அங்கிருந்து செய்தி வரும், அதைக் காட்டி அடுத்த சோதனை நடக்கும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர் என்ற பெயர்கள் தலைப்பில் முதல் சொல்லாக வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாவில் நடந்தது “பார்ட்டி”. கண்ணகி நகர், நகரத்துக்குள் குடிசையிலிருந்து அகற்றப்பட்டவர்களை அரசே கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அங்கிருந்து வேலை கேட்டுப் போகிறவர்கள் முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்த ஒரு வாரம் மட்டும் அந்தப் பெயர் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இதே கதிதான். ஒருவரிடம் கஞ்சா சாக்லேட் சிக்கினால், “வடமாநில வாலிபர்” என்று ஒரு முழு ரயில் பெட்டியே குற்றவாளியாகிறது.

பெண்கள் குடித்தால் வரும் செய்திகள்?

அவை செய்தியே இல்லை. அனுமதி இல்லாமல் எடுத்த படம், அதன் கீழே ஆயிரம் வசவு. பெண்களுக்குச் சிகிச்சை வசதி ஏற்கெனவே குறைவு. இருக்கிற இடத்துக்கும் அவர்கள் வராமல் போக இந்தப் படங்களே போதும்.

இலங்கையில் நிலைமை எப்படி?

2023 டிசம்பரில் “யுக்திய” என்ற பெயரில் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையைக் காவல் துறை தொடங்கியது. சோதனைகள் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. அறைக்குள் குழந்தைகள் நிற்க, கேமரா கட்டிலடிவரை போனது. சில வாரங்களில் பல்லாயிரம் பேர் கைதானார்கள். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் நடவடிக்கையை நிறுத்தி மறுபரிசீலனை செய்யும்படி கேட்டார்கள். ஹெராயினும் “ஐஸ்” போதையும் அங்கே உண்மையான துயரம், யாழ்ப்பாணத்துத் தாய்மார்கள் கேட்கும் உதவியும் உண்மையானது. வீடு புகுந்த கேமரா அவர்கள் பிள்ளைக்கு ஒரு கட்டிலைக்கூட ஆஸ்பத்திரியில் வாங்கித் தரவில்லை.

நிருபராக இருக்கிறேன். நாளைக் காலையிலேயே மாற்றிக்கொள்ளக் கூடியது எது?

வழக்கமான செய்தி இப்படி வரும்: “கஞ்சா போதையில் பேருந்தை மறித்து ரகளை. போதை ஆசாமிக்குப் பயணிகள் தர்ம அடி.” இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “பேருந்தை மறித்த இளைஞர் மீது தாக்குதல், மருத்துவமனையில் அனுமதி. போதையில் இருந்தாரா என்று ரத்தப் பரிசோதனை.” சம்பவம் அப்படியே இருக்கிறது. எதுவும் மறைக்கப்படவில்லை. கூடுதலாக இரண்டு தகவல் வந்திருக்கிறது, அதற்காக நீங்கள் இரண்டு போன் செய்திருப்பீர்கள்.

அப்புறம், “சர்வதேச சந்தை மதிப்பு இத்தனை கோடி” என்று வருவதை அப்படியே போடாதீர்கள். எடை எவ்வளவு, சட்டப்படி சிறு அளவா வணிக அளவா என்று எழுதுங்கள். கடைசியில் உதவி எண் ஒரு வரி. வழக்கு முடிந்ததும் தீர்ப்பு என்ன என்று கேட்க, கைது செய்தி போட்ட அன்றே நாட்குறிப்பில் ஒரு தேதி குறித்துவையுங்கள்.

என்னைப் பற்றியோ என் பிள்ளையைப் பற்றியோ தப்பாக வந்தால் எங்கே போவது?

அச்சு நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் புகார். பதில் சரியில்லை என்றால், வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். மன்றத்தால் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது. ஆனாலும் அந்தக் கண்டனத்தை எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார். இணையச் செய்தித் தளங்கள் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

பழைய செய்தியை நீக்கச் சொல்லும் உரிமை இன்னும் தெளிவாகவில்லை. விடுதலையான ஒருவரின் பெயரை இணையத்தில் உள்ள தீர்ப்பு நகலிலிருந்து மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது, அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

வீட்டில் ஒருவருக்குப் பழக்கம் இருக்கிறது. வெளியே தெரிந்துவிடுமோ என்று பயம். என்ன செய்வது?

14446 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. மனசு விட்டுப் பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. சிகிச்சைக்கு வந்தவரின் விவரத்தை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் அறையில் பூட்டிவைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மீண்டவர் மறுபடி விழுந்தால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய் கட்டுப்பாடு தவறினால் மறுபடி மருத்துவரிடம் போவதில்லையா, அதுபோலத்தான்.

அந்த நீல நாடா பையன் என்ன ஆனான்?

இரண்டரை வருடம் கழித்து நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. படிப்பை அவனால் முடிக்க முடியவில்லை. இப்போது மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. அவன் பெயரைப் போட்டுத் தேடினால் இன்றும் முதல் பக்கத்தில் அந்தப் படம் வருகிறது, நான் வைத்த தலைப்போடு. விடுதலையான அன்று எங்கள் நீதிமன்ற நிருபர் மூன்று வரி அனுப்பியிருந்தார். பக்கத்தில் இடமில்லை என்று அதை எடுத்துவிட்டேன்.